பூனைக்குட்டிக்கு எத்தனை நாள் காரண்டி?

பூனையைக் காசு கொடுத்தா வாங்குவது என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை பரண்மேல் நாலு குட்டி போட்டால், கண் திறந்து ஓடியாடத் தொடங்கியதும் ஒன்றைக் கேட்டு வாங்கி, சாக்குப் பையில் போட்டு எடுத்து வருவதோடு முன்பெல்லாம் காரியம் முடிந்தது. எலி பிடித்தாலும் சோறு, பிடிக்காவிட்டாலும் சோறு. விலையும் இல்லை, ரசீதும் இல்லை, வழக்கும் இல்லை.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் பூனைக்குத் தனி மரியாதை இருப்பதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1898இல் இந்நகரில் பிளேக் புகுந்து ஊரைச் சூறையாடியது. அந்தப் பாடத்தைக் கற்ற பிறகுதான் ஜீவனஹள்ளிக்கு அருகிலுள்ள பிரேசர் டவுன், நெரிசல் இல்லாத தெருக்களும் எலி அண்டாத வீடுகளுமாக அமைய வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. எலி அண்டாத வீடு கட்ட வசதியில்லாத ஒண்டுக்குடித்தனக்காரர்களுக்குப் பூனைதான் பாதுகாப்பு.

இன்று ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் நடப்பது வேறு. கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. பஞ்சு உருண்டை போல ஒரு பெர்சியன் குட்டி, நீலக் கண், கழுத்தில் ரிப்பன். குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கின்றன. தீபாவளி போனஸ் கையில் இருக்கிறது. குமாஸ்தாவோ கார்மெண்ட்ஸ் தொழிலாளியோ, ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் குட்டியை வாங்கிவிடுகிறார். விற்பவர் பெரும்பாலும் கடைக்காரர் அல்லர். வீட்டு மாடியில் நாலைந்து பூனைகளை வைத்துக் குட்டி போடவைத்து விற்பவர். ரசீது கேட்டால் சிரிப்பார். "ஏதாவது ஆனால் எனக்கு போன் பண்ணுங்கள் சார், காரண்டி உண்டு" என்பார்.

பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய குட்டி திங்கள், செவ்வாய் நன்றாக விளையாடுகிறது. புதன்கிழமை சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வியாழக்கிழமை வாந்தி, பேதி. தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கொண்டுபோனால் குளுகோஸ் ஏற்றுகிறார், ஊசி போடுகிறார், உறுதியாக எதுவும் சொல்வதில்லை. அதற்குள் வாங்கிய விலையில் பாதி வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. விற்றவருக்குப் போன் செய்தால், "இரண்டு நாள் காரண்டிதானே சொன்னேன், ஐந்து நாள் ஆகிவிட்டதே" என்கிறார்.

இந்த இரண்டு நாள் கணக்குத்தான் விஷயத்தின் முடிச்சு. குட்டிப் பூனைகளை அதிகமாகக் கொண்டுபோகும் நோய்களில் முதன்மையானது பேன்லியுகோபீனியா என்னும் வைரஸ் நோய். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போவதால் வந்த பெயர் அது. நாய்களுக்கு வரும் பார்வோ நோயின் பங்காளி. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் தடுப்பூசி போடாத குட்டிகளை அது பிடித்தால் பிழைப்பது அரிது. இந்த வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். விற்பவர் வீட்டில் தொற்றிய நோய், வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படும். அப்படியிருக்க, நாற்பத்தெட்டு மணி நேரக் காரண்டி என்பது என்ன? மழை பிடிப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த குடை. விற்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. பல பேருக்கு நோயின் பெயரே தெரியாது. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

படர்தாமரையின் கணக்கு இன்னும் நீளமானது. பூனையின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தப் பூஞ்சை, தோலில் வட்ட வட்டமாகத் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். இது மனிதருக்கும் தொற்றும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் ஒரே பாயில் படுக்கும் குடும்பத்தில், முதலில் சொறிந்துகொள்பவர் குட்டியை மார்போடு அணைத்துத் தூங்கும் குழந்தை, அடுத்து அம்மா. பூனைக்கு ஒரு டாக்டர், குழந்தைக்கு ஒரு டாக்டர் என்று செலவு இரட்டிப்பாகிறது. ஆகவே பதினான்கு நாளுக்குக் குறைந்த எந்தக் காரண்டியும் பேச்சுக்குத்தான் காரண்டி.

அதைவிட ஆபத்தானது இன்னொரு வகை வாக்குறுதி. "செத்துப்போனால் வேறு குட்டி தருகிறேன்" என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பல பேர் இதைக் கேட்டு மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் முதல் குட்டி பேன்லியுகோபீனியாவால் இறந்திருந்தால், அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் கிண்ணத்திலும் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரை கூட, சாகாமல் கிடக்கும். சாதாரண பினாயிலுக்கு அது அஞ்சாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். நோய் வந்த அதே வீட்டிலிருந்து இரண்டாவது குட்டியை வாங்கி, நோய் கிடக்கும் இந்த வீட்டுக்குக் கொண்டுவருவது அதையும் சாகக் கொடுப்பதற்குச் சமம். குழந்தைகள் ஒரே மாதத்தில் இரண்டு முறை அழவேண்டி வரும். வேறு குட்டி வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பேசுவதே அறிவுடைமை. குட்டி தங்கிய இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் நன்றாகக் கழுவி, பல மாதம் பொறுத்து, தடுப்பூசி முடித்த பூனை ஒன்றைக் கொண்டுவருவதுதான் சரியான முறை.

தடுப்பூசியைப் பற்றி விற்பவர்கள் சொல்லும் பொய்களில் ஒன்றை எவரும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நாற்பத்தைந்து நாள் குட்டியைக் காட்டி, "எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, ரேபிஸ் ஊசி உட்பட" என்று யாராவது சொன்னால், அவர் அளப்பது முழுப்புளுகு. பேன்லியுகோபீனியாவும் சளி நோய்களும் வராமல் தடுக்கும் ஊசியை ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தியே முதல் ஊசியின் பலனைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் இத்தனை முறை. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகு. நாற்பத்தைந்து நாள் குட்டிக்கு மிஞ்சிப் போனால் ஒரு ஊசி போட்டிருக்கலாம். ஊசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு இருக்கிறதா, தேதி இருக்கிறதா, டாக்டரின் கையெழுத்தோடு கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேனாவால் எழுதிய இரண்டு வரியும் ஒரு கிறுக்கலும் மட்டும் இருந்தால் அது ஊசிப் புத்தகம் அல்ல, வெறும் நோட்டுப் புத்தகம்.

சந்தர்ப்பம் வந்ததால் இதையும் சொல்லிவைப்பது நல்லது. ஊசி போடாத குட்டி கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, குட்டிதானே என்று மஞ்சளையோ சுண்ணாம்பையோ தடவிவிட்டு இருந்துவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் வெளிப்பட்ட பின் மருந்து இல்லை.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பிராணியை விற்பவர் அதன் நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்வி நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே பெரிய கோர்ட்டுகளில் அடிபட்டது. இங்கிலாந்தில் நியூபரி என்னும் ஊர்ச் சந்தையில் ஒருவர் பன்றிகளை விற்றார். பன்றிகளுக்குத் தொற்றுக் காய்ச்சல். எந்த உறுதியும் தருவதற்கில்லை, குறை எதுவானாலும் குறையோடுதான் விற்பனை என்பது நிபந்தனை. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனார். வாங்கியவை மாண்டன, அவரிடம் முன்பே இருந்த பன்றிகளையும் நோய் பற்றியது. வார்டு எதிர் ஹாப்ஸ் என்ற அந்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1878இல் தீர்ப்பு விற்றவர் பக்கமே வந்தது. சந்தைக்குக் கொண்டுவந்ததனாலேயே நோயில்லை என்று அவர் சொன்னதாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் இதே சுவடு உண்டு. மோசடி என்றால் என்ன என்று விளக்கும் 17ஆம் பிரிவில் குதிரை ஒன்று உதாரணமாக வருகிறது. ஊனமுள்ள குதிரையை, ஊனம் தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்றால் அது மோசடி ஆகாது. வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் குற்றமில்லை. இதோடு நின்றிருந்தால் ஏழைக்கு வழியே இல்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. வாங்குபவர் விற்பவரைப் பார்த்து, "நீர் இல்லை என்று மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அப்போது அந்த மௌனமே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

குதிரைக்குச் சொன்னது பூனைக்கும் பொருந்தும். பணம் கொடுப்பதற்கு முன்னால், கைப்பேசியிலேயே ஒரு செய்தி அனுப்பினால் போதும்: "இந்தக் குட்டிக்கு நோய் எதுவும் இல்லை, உங்கள் வீட்டில் வேறு பூனை எதுவும் சமீபத்தில் நோயால் இறக்கவில்லை என்ற நம்பிக்கையில் வாங்குகிறேன். அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பதினான்கு நாளுக்குள் தொற்றுநோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்." சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்தால் அதுவே ஒப்பந்தம். வாய்ப்பேச்சில் வாரி வழங்குபவர் இதற்குப் பதில் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே செய்தி இருக்கிறது. அந்தக் குட்டியை விட்டுவிடலாம்.

வாங்கும்போது இப்படியெல்லாம் கேட்பதா, மனிதரை நம்பாதது போல் ஆகிவிடாதா என்று தயங்குபவர்கள் நம் மக்களில் உண்டு. இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. நம் பாட்டன்மார் மாட்டுச் சந்தையில் தயங்கியவர்கள் அல்லர். மணப்பாறையிலும் அந்தியூரிலும் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். கறவை மாடு என்றால் தம் கையாலேயே கறந்து பார்த்த பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வந்தது. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் பட்டணத்துக்கு வந்து, படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறார்கள். குறைந்தபட்சம் விற்பவர் வீட்டுக்கு நேரில் போய், தாய்ப்பூனை எங்கே என்று கேட்க வேண்டும். தாயைக் காட்ட மறுத்தால் குட்டி அங்கே பிறந்ததல்ல, எங்கிருந்தோ மொத்த விலைக்கு வந்தது என்று சந்தேகிக்க இடமுண்டு. குட்டியின் கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதுக்குள் கறுப்பு அழுக்கு, வாலடியில் ஈரம், ரோமத்தில் வட்டச் சொட்டை, ஒட்டிய உடம்பில் உப்பிய வயிறு இவற்றைப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை.

பிறவிக் குறை என்று ஒன்று இருக்கிறது. அது பதினான்கு நாளில் தெரிவதில்லை. பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் அதிகம். தாய் தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரக்கூடும். ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, நடுவயதில் சிறுநீரகம் பழுதாகும். அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டறியப்பட்டது, சோதனையும் இருக்கிறது. மாடியில் பூனை வளர்ப்பவர்களில் தாய்க்கும் தகப்பனுக்கும் அந்தச் சோதனை செய்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தால் விடை தெரியும். தூய வெள்ளை ரோமமும் நீலக் கண்ணும் உள்ள குட்டிக்குத்தான் இங்கே விலை கூடுதல். அந்தச் சேர்க்கையில் பிறந்தவற்றில் பல செவிடு என்பதை டார்வினே எழுதிவைத்துவிட்டார். குட்டியின் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டம் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கிறது. நாயோ பூனையோ, வியாபாரியிடம் வாங்கிய பிராணிக்கு நோய் என்று டாக்டர் சான்று கொடுக்கப் பதினான்கு வேலை நாள். பிறவிக் குறைக்கு நூற்றெண்பது நாள். பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு பிராணி வாங்குவதா, அதையே வைத்துக்கொண்டு வைத்தியச் செலவைக் கேட்பதா என்பது வாங்கியவரின் விருப்பம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இடைத்தரகர் விற்பதே கூடாது. வளர்த்தவரே விற்க வேண்டும். 1878இல் பன்றி வியாபாரியை விட்டுவிட்ட நாடு, நூற்று நாற்பது ஆண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நம் நாட்டில் 2017இல் நாய் வளர்ப்போருக்கு விதிகள் வந்தன. 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கு விதிகள் வந்தன. கடை வைப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், அதில் பூனையும் அடக்கம். ஆனால் நாய்க்கு வகுத்ததுபோல் பூனை வளர்ப்பவருக்கென்று தனி விதி வகுக்கப்படவில்லை. மாடி அறையில் நடக்கும் இந்த வியாபாரத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. நாயைக் கண்டு பயந்த சட்டம் பூனையைக் கண்டுகொள்ளவில்லை போலும். நாய்க்கு உள்ள பதிவும் பரிசோதனையும் பூனைக்கும் வேண்டும் என்று கர்நாடக விலங்கு நல வாரியத்தைக் கேட்பதில் தவறில்லை.

விற்பவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். குட்டியைக் கொண்டுவந்த அன்றே குளிப்பாட்டி, கிண்ணம் நிறையப் பசும்பாலை ஊற்றி, அது பேதியானதும் விற்றவர்மேல் பழி போடுபவர்களும் இருக்கிறார்கள். பூனைக்குப் பால் என்பது கதையில் சரி. தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை. வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கினால்தான் காரண்டி செல்லும் என்று ஒரு வளர்ப்பாளர் நிபந்தனை போட்டால், அதை ஏற்றுக்கொள்வதே முறை. அது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், குவீன்ஸ் ரோட்டில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. தனியார் டாக்டருக்குக் கொடுக்க முடியாதவர்கள் அங்கே போகலாம். சும்மா கொடுத்தவரிடம் இந்த உத்தரவாதம் எதுவும் கேட்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். விலை கொடுத்த இடத்தில்தான் உரிமை.

எலிக்காகப் பூனை வேண்டும் என்பவர் பெர்சியனைத் தேடிப் போவதே வீண் செலவு. தட்டை முகமும் நீள ரோமமும் உள்ள அந்தப் பிராணிக்குத் தினமும் சீவிவிட வேண்டும், கண்ணைத் துடைத்துவிட வேண்டும். மூச்சு விடவே சிரமப்படும் பூனை எலியைத் துரத்துமா? தெருவில் பிறந்த நாட்டுப் பூனையும் அதே தடுப்பூசியோடு நன்றாக இருக்கும். விலை கிடையாது, ஊசிச் செலவு மட்டும்தான்.

வாங்கி ஏமாந்தவர்கள் என்ன செய்யலாம்? 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிராணியும் சரக்குத்தான். பூனைக்குட்டியைச் சரக்கு என்பது கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் அதில்தான் வாங்கியவருக்கு லாபம். வியாபாரமாக விற்பவர்மேல் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையமே போதும். வெளிமாநிலத்தில் பிழைப்பவர்களுக்கு இது பெரிய சலுகை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கன்னடம் எழுதத் தெரியாதே என்று கலங்குபவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.

ஆனால் அங்கே முதலில் கேட்பது காகிதத்தைத்தான். பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலமோ கைப்பேசி மூலமோ அனுப்பினால் அது தானாகவே கிடைத்துவிடும். விளம்பரப் படம், விற்றவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், ஊசிப் புத்தகம், டாக்டர் சீட்டு எதையும் அழித்துவிடக் கூடாது. குட்டி இறந்துவிட்டால் துக்கத்தில் உடனே புதைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டி, எந்த நோயால் இறந்தது என்று எழுதி வாங்க வேண்டும். கால்நடைக் கல்லூரியில் அறுத்துப் பரிசோதிக்கச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அதுவரை உடலை ஐஸில் வைத்திருக்கலாம்; உறையவிடக் கூடாது, உறைந்தால் திசுக்கள் கெட்டுப் பரிசோதனைக்கு உதவாது.